ஜாமீன் மதினி

எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வாங்கப் போகிறவன் தனியாகப் போகமாட்டான். ஓட்டிப் பார்க்கச் சாவி கேட்டால், விற்கிறவர் முதலில் நம் முதுகுக்குப் பின்னால்தான் பார்ப்பார். "கூட யாரு வந்திருக்கா?" என்பார். கூட வந்த ஆளை அவர் வீட்டில் உட்கார வைத்த பிறகுதான் வண்டி தெருமுனையைத் தாண்டும். தனியாக வந்தவனிடம் போனையோ லைசென்ஸையோ வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் அது ஆளுக்கு ஈடாகாது. போனை விட்டுவிட்டு வண்டியோடு போனவன் கதை ஊருக்கு ஒன்று இருக்கிறது.

"பொண்டாட்டிய விட்டுட்டு வண்டியோட போனவன் எவனாச்சும் உண்டா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

"வண்டி நல்ல வண்டியா இருந்தாப் போவாண்ணே" என்றான் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன்.

அப்படி உட்கார வைக்கப்படுகிறவரை எங்கள் தெருவில் ஜாமீன் என்போம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரே ஜாமீன்தான். நாகஜோதி மதினி.

மதினி என் பெரியப்பா மகன் கண்ணன் அண்ணனுக்கு வாக்கப்பட்டு எரியோட்டிலிருந்து அகரத்துக்கு வந்தவர். அண்ணன் லாரி டிரைவர். தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. மதினிக்கு வேடசந்தூர் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. விடியுமுன் மில் பஸ்ஸில் ஏறினால், தலையெல்லாம் பஞ்சுத்தூசியோடு பொழுது சாயத்தான் இறங்குவார். மகள் பவித்ரா பள்ளிக்கூடம் போவதையும் பார்த்ததில்லை, வருவதையும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் வீட்டில் இருப்பார். அதனால் எங்கள் தெருவில் யார் வண்டி பார்க்கப் போனாலும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் போவார்கள்.

"அவ வாய்க்கு ராசி இருக்கு" என்பது ஆண்களின் கட்சி. மதினி வேண்டாம் என்று சொன்ன வண்டியை வாங்கியவர் யாரும் நிம்மதியாக ஓட்டியதில்லை. நாச்சிமுத்து சித்தப்பா அப்படித்தான் மாட்டினார். திண்டுக்கல்லில் ஒரு வீட்டில் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, பூவாக இருக்கிறது என்றார். மதினி மட்டும், "வேணாம் மாமா, சீட்டு உயரமா இருக்கு" என்றார்.

"சீட்டுல உக்காரப் போறது நானா, நீயா?" என்று சித்தப்பா அன்றைக்கே வண்டியை எடுத்துவிட்டார். மாசம் முடியவில்லை, ஒட்டன்சத்திரம் ரோட்டில் இஞ்சின் பிடித்து நின்றது. குட்டியானை வேனில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தார்கள். மதினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன மாமா, வாங்குனப்பக் கூட இம்புட்டு ஊர்வலம் இல்லையே" என்றார்.

ராசி எல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியும். சித்தப்பா அந்த வண்டியைப் பார்க்கப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டு, வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். இதன் முதல் பலன், எந்தக் காரியத்துக்கும் கூப்பிட்டால் வரக்கூடிய ஆள் நான் ஒருவன்தான் என்பது.

அன்று சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் விற்கிறவர் வாசல் கேட் அருகே போய் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மதினி தண்ணீர் கேட்டு அடுப்படிக்குள் போனார். அங்கே அந்த வீட்டு அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மதினியும் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கிவிட்டார். முன்னறையில் இருந்த எனக்குப் பேச்சு கேட்டது.

"இந்த வண்டியில எங்கெங்கக்கா போயிருக்கீங்க?"

அந்த அம்மா முதலில் பழனி என்றார். பிறகு தங்கச்சி வீட்டு விசேசம், வத்தலக்குண்டு. "அதை ஏன் கேக்குற, போறதுக்குள்ள ரெண்டு எடத்துல நிப்பாட்டி ஆயில் ஊத்துனாரு. பட்டுச்சேலை பூரா புகைவாடை. என் தங்கச்சி மாமியா மூக்கைப் பொத்துது."

அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வரும்போது பஸ்ஸில் மதினியிடம் கேட்டேன். "நீங்க வண்டியப் பத்தி ஒண்ணுமே கேக்கலையே?"

"வண்டியப் பத்திக் கேட்டா புருசன் சொல்லிக் குடுத்ததைச் சொல்வாங்கடா. போன எடத்தைக் கேட்டாத்தான் சொந்தக் கதை வரும்."

"அப்ப புகையடிக்குதுன்னு சித்தப்பாட்ட நேராச் சொல்லியிருக்கலாம்ல? சீட்டு உயரம்னு ஏன் சொன்னீங்க?"

"சொன்னா, எவ சொன்னான்னு அந்தாளு அங்கேயே குதிப்பாரு. நாம பஸ்ஸேறி வந்துருவோம். அந்த அக்கா அந்த வீட்டுலதான இருக்கணும்?"

விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாது என்று மூன்று வருசப் படிப்பில் ஒரு பாடமே உண்டு. விற்கிறவன் மனைவிக்கும் தெரியும் என்பது அதில் இல்லை. ஆனால் இன்னொரு கேள்வி என்னை விடவில்லை. ஒரு வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்து, அந்த வீட்டுச் சங்கதியையே எடுத்துக்கொண்டு வருவது சரிதானா? பிறர் வீட்டு அம்மாவைக் காப்பாற்ற மதினி சொல்லும் பொய்யை மட்டும் நான் மெச்சினால் போதுமா? இதையெல்லாம் எழுதட்டுமா என்று மதினியையே கேட்டேன். "எழுது. நம்ம தெரு ஆம்பளைங்கள்ல எவன் படிக்கப் போறான்?" என்றார்.

இந்த வருசம் மதினி தனக்கே ஒரு வண்டி வாங்கத் துணிந்தார்.

திண்டுக்கல் நாகல் நகரில் சைதூன் என்கிற அக்கா நைட்டி தைக்கும் கடை வைத்திருக்கிறார். வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாகக் கிராமத்துக்கு அனுப்பி, வீட்டில் மிஷின் வைத்திருக்கும் பெண்களிடம் தைத்து வாங்குவார். துணியைக் கொடுத்து, தைத்ததை வாங்கிவர ஒரு ஆள் தேவைப்பட்டது. மதினியை அவருக்குப் பிடித்துவிட்டது. காலையில் பவித்ராவை அனுப்பிவிட்டுக் கிளம்பினால் போதும், அவள் வருமுன் வீட்டுக்கு வந்துவிடலாம். மதினிக்கு அதுதான் பெரிது. ஒரே ஒரு நிபந்தனை, வண்டி சொந்தமாக இருக்க வேண்டும். "திங்கக்கெழம வரைக்கும்தான் பாப்பேன் நாகஜோதி. அதுக்குமேல எனக்கு வேற ஆளு ரெடியா இருக்கு" என்று கடைசியில் சைதூன் அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்.

ஸ்கூட்டி வாங்கச் சொன்னோம். தோட்டத்து வழியெல்லாம் மண்ரோடு, சின்னச் சக்கரம் புதையும், காலடியில் துணிக்கட்டு நிற்காது என்று மதினி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கேட்டது பெரிய சக்கரமும் பின்னால் கேரியரும் உள்ள கீர் வண்டி. கல்யாணத்துக்கு முன்பு எரியோட்டில் அவருடைய அண்ணன் வண்டியில் தோட்டத்துக்குச் சோறு கொண்டு போனவர் அவர். அதற்குப் பிறகு கீர் வண்டியைத் தொட்டதில்லை. வேலைப் பேச்சு வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸும் வாங்கிவிட்டார். மிச்சம் வண்டிதான்.

மதினி மில்லுக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வண்டி தேடக் கிளம்பினார். முதல் இடத்தில் விற்கிறவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு மதினிக்கு நாற்காலி போட்டார்.

"ஓட்டிப் பாக்கப் போறது அவங்கங்க" என்றேன்.

"எவங்க?"

"நான்தான்" என்றார் மதினி.

விற்கிறவர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஏம்மா, இது என்ன ரங்கராட்டினமா? கீழ போட்டுட்டா யாரு பொறுப்பு?"

இரண்டாவது இடத்தில் தெருவுக்குள் மட்டும் ஓட்டலாம் என்றார்கள். தெருவோ எங்கள் வீட்டு முற்றத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம். மதினி ஏறி, ஓட்டி, இறங்கிவிட்டார். "ரெண்டாவது கீருக்கே எடம் இல்ல. இதுக்குக் கல்யாணப் பொண்ணாட்டம் வண்டிய உக்கார வச்சே பாத்துட்டுப் போயிருக்கலாம்" என்றார். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும்போது நாட்களை விரலில் எண்ணிக்கொண்டே நடந்தார்.  திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

மறுநாள் பார்த்த மூன்றாவது வண்டி நாகல் நகரில் சூசைராஜ் என்பவர் வீட்டில் இருந்தது. சிவப்பு வண்டி, துடைத்து வைத்திருந்தார். சாவி வழக்கம்போல என்னிடம் வந்தது, நான் மதினியிடம் கொடுத்தேன். சூசைராஜ் என்னையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லைசென்ஸ் இருக்காம்மா?"

மதினி எடுத்துக் காட்டினார். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "சரி. தம்பி இங்கதான் இருக்கணும். பைபாஸ் வரைக்கும் போய்ட்டு வாங்க."

மதினி நான் இரவல் வாங்கி வந்திருந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, ஒரே மிதியில் ஸ்டார்ட் செய்தார். வண்டி தெருமுனையில் திரும்பியது. முதல் முறையாக நான் ஜாமீன் ஆனேன்.

என் வேலை என்ன என்று எனக்குத் தெரியும். அடுப்படிக்குள் போய் அந்த வீட்டு அம்மாவிடம் எங்கெங்கே போனீர்கள் என்று கேட்க வேண்டும். வழியெல்லாம் அந்தக் கேள்வியை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன். ஆனால் சூசைராஜ் வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்து, இன்னொன்றைப் போட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி வியாகுலம்மாள் ஒரு செம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஆம்பளைப் பிள்ளையை எந்த வீட்டிலும் அடுப்படிக்குக் கூப்பிடமாட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதினியும் நானும் இதை யோசிக்கவே இல்லை. அவர் வண்டியில் ஏறிய நேரத்தில், உள்ளே உட்காரும் ஆள் எங்களுக்கு இல்லாமல் போய்விட்டார்.

செம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வியாகுலம்மாள் வந்தார். விட்டால் கிடைக்காது என்று கேட்டுவிட்டேன். "அக்கா, இந்த வண்டியில நீங்க எங்கெங்க போயிருக்கீங்க?"

அவர் புருவத்தைச் சுருக்கினார். "நான் எங்க போனா உனக்கு என்ன தம்பி?"

"வேளாங்கண்ணி போயிருக்கோம், பூண்டி போயிருக்கோம்" என்று சூசைராஜ் பதில் சொன்னார். "ஒரு எடத்துல நின்னதில்ல. பிரேக் புதுசு. செயின் புதுசு. வேற என்ன தெரியணும்?"

வேறு ஒன்றும் தெரிய வேண்டாம் என்றேன்.

மதினி வரவில்லை. பைபாஸ் போய்த் திரும்புகிற நேரம் தாண்டிவிட்டது. சூசைராஜ் எழுந்து கேட் வரை போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "அவங்க உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"எங்க மதினி."

"சொந்த அண்ணன் சம்சாரமா?"

"பெரியப்பா மகன் சம்சாரம்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பெத்த பிள்ளையா இருந்தாலும் பரவாயில்ல. ஒண்ணுவிட்ட கொழுந்தன விட்டுட்டுப் போனவ எதுக்குத் திரும்பி வாரா?"

 மதினி எங்காவது விழுந்திருப்பாரோ என்று எனக்கோ பயம்.

கடைசியில் வண்டிச் சத்தம் கேட்டது. மதினி வந்து நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினால் முகம் சரியாக இல்லை. தண்ணீர் குடிப்பவர் போல என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஒரு பக்கமா இழுக்குதுடா. இடதுகைப் பக்கம். நானும் பைபாஸ்ல நாலு தடவை போய்ப் போய்ப் பாத்தேன். வண்டி இழுக்குதா, என் கை இழுக்குதான்னு தெரியல. எத்தனை வருசம் ஆச்சு நான் ரோட்டுல ஓட்டி." செம்பைக் கீழே வைத்தார். "உள்ள ஏதாச்சும் பேச்சு வந்துச்சா?"

"என்னைய உள்ளயே விடல மதினி."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாசற்படியில் நின்ற வியாகுலம்மாளைப் பார்த்தார். குரலை உயர்த்தி, "அண்ணே, நான் துணிக்கட்டு ஏத்தி ஓட்டப் போறவ. பின்னாடி கனம் இருந்தா எப்பிடிப் போகுதுன்னு பாக்கணும். அக்கா, செத்த ஏறுங்க. ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துருவோம்" என்றார்.

"ஆத்தாடி, பொம்பள ஓட்டி நான் உக்காந்ததே இல்ல" என்றார் வியாகுலம்மாள். ஆனால் கால் செருப்பைத் தேடியது.

"கனந்தானே வேணும்? இந்தத் தம்பி ஏறலாம்ல?" என்றார் சூசைராஜ்.

"அவன் ஜாமீன்ணே. அவனையும் ஏத்திக்கிட்டுப் போனா நீங்க யாரைப் பிடிச்சு வைப்பீங்க?"

சூசைராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் வியாகுலம்மாள் ஏறிவிட்டார். முதலில் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, மதினியின் தோளை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். தெருமுனையில் திரும்பும்போது ஒரு கையை எடுத்து யாருக்கோ ஆட்டினார்.

நானும் சூசைராஜும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். "வண்டியும் போச்சு, வீட்டுக்காரியும் போயிட்டா" என்றார் அவர். "உன்னைய வச்சுக்கிட்டு நான் என்னப்பு செய்ய? சமைக்கத் தெரியுமா?"

"குழம்பு, வெஞ்சனம் எல்லாம் வைப்பேண்ணே. சோறு குழைஞ்சுரும்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு தனக்கு முழங்கால் வலி வந்துவிட்டதையும், மகன் கோயம்புத்தூருக்குப் போய்விட்டதையும், வண்டி சும்மா நிற்பதைப் பார்க்கப் பிடிக்காமல்தான் விற்பதையும் சொன்னார். நல்ல மனிதராகத்தான் பட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அவர்கள் திரும்பியபோது வியாகுலம்மாளின் கொண்டை அவிழ்ந்து, முகம் சிவந்திருந்தது. "யப்பா, என்னா காத்து!" என்றபடி இறங்கினார். மதினி வண்டியை ஸ்டாண்டில் போட்டு, சாவியை எடுத்து, நேராகச் சூசைராஜ் முன்னால் வந்து நின்றார்.

"வண்டி இடதுகைப் பக்கம் இழுக்குதுண்ணே. முன்னாடி ஃபோர்க் வளைஞ்சிருக்கும்போல. எங்கயோ விழுந்திருக்கு."

சூசைராஜ் உடனே மனைவியைப் பார்த்தார். வியாகுலம்மாள் கொண்டையை முடிந்துகொண்டே வேப்பமரத்தைப் பார்த்தார்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஓட்டுனது நானு. போன தடவை தனியாப் போனப்பவே இழுத்துச்சு. அதான் அம்புட்டு நேரம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தேன். வேணும்னா நீங்க ஏறிக் கையைத் தளத்தி விட்டுப் பாருங்க."

பல வீடுகளில் மதினி காரணம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். சீட்டு உயரம், நம்பர் சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை. வண்டியின் குறையை விற்கிறவர் முகத்துக்கு நேராக அவர் சொன்னது அதுதான் முதல் முறை. சூசைராஜ் ஏறிப் பார்க்கவில்லை. ஹேண்டிலை மட்டும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"பாலத்துல ஒருக்க சாஞ்சுச்சு" என்றார். "நான் ஓட்டுறப்பவும் லேசா இருக்கும். பழகிட்டா தெரியாதும்மா."

"எனக்குப் பழக வேணாம்ணே. மத்தபடி வண்டி எனக்குப் புடிச்சிருக்கு. பட்டறையில விட்டுப் பெண்டு எடுத்துக் குடுங்க. சனிக்கெழம வந்து எடுத்துக்கிறேன்."

"சனிக்கெழமையா? வேற ஆளு வந்தா?"

"வர்றவங்க கிட்டயும் பாலத்தச் சொல்லிருங்க" என்றார் மதினி. வியாகுலம்மாள் சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டார். சூசைராஜும் சம்மதித்துவிட்டார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மதினி எனக்குச் சொன்னார். "நான் ஒண்ணும் கேக்கலடா. பைபாஸ் ஏறினதும் அந்த அக்காவாத்தான் சொல்லுச்சு. 'இடதுகைப் பக்கமே போகுதுல்ல? அவருக்கும் இப்பிடித்தான், பாலத்துல விழுந்த பொறவு'ன்னு."

"அப்ப இந்தத் தடவையும் வீட்டம்மாதான் சொல்லியிருக்காங்க."

"இல்லடா பட்டதாரி. அது சொல்லும்போது எனக்கு வண்டியப் பத்தி நெனப்பே இல்ல." அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "என் கை சரியா இருக்குன்னுதான் நெனச்சேன்."

சனிக்கிழமை மதினி மறுபடி மில்லுக்கு லீவு சொல்ல, இருவரும் போனோம். பட்டறையிலிருந்து வந்த வண்டியை மதினி மறுபடி ஓட்டிப் பார்த்தார். சூசைராஜ் ஆர்.சி. புக்கைத் தேடிக்கொண்டு உள்ளே இருந்தார். வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டதா என்று யாரும் பார்க்கவில்லை. நேரே ஓடியது என்று மதினி வந்து சொன்னார். ஊருக்குத் திரும்பும்போது நான் பின்னால் உட்கார்ந்தேன். தாடிக்கொம்பு தாண்டியதும், "காலை ஆட்டாம வாடா, கட்டு அவுந்த மூட்டையாட்டம் உக்காந்திருக்க" என்று திட்டினார்.

திங்கட்கிழமை காலையில் அவர் சைதூன் அக்காவின் கடை முன்னால் போய் நின்றார். கேரியரில் மூன்று துணிக்கட்டு ஏற்றிக் கயிறு போட்டார்கள். "சொன்ன மாதிரி வந்துட்டியே" என்றாராம் சைதூன் அக்கா. மில்லில் கணக்கு முடிக்கப் போனபோது கூட வேலை பார்த்த பெண்கள் கேட் வரை வந்து வண்டியைத் தொட்டுப் பார்த்தார்களாம். பவித்ரா இப்போது பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருகிறாள். சில நாள் மதினிக்கு நேரமாகிவிடுகிறது. அன்றைக்கு அவள் வாசலில் நின்று ரோட்டைப் பார்க்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மழை வந்தால் துணிக்கட்டை என்ன செய்வது என்பது இன்னும் தீரவில்லை.

போன வாரம் நாச்சிமுத்து சித்தப்பா வந்தார். பழைய வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை ஜாமீனுக்கு உட்கார மதினி வர வேண்டுமாம்.

மதினி செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "வாரேன் மாமா. ஆனா உக்காருறதுக்கு அத்தையக் கூட்டிட்டு வாங்க. ஓட்டிப் பாக்குறது நானு."

"அப்ப நான் என்ன செய்ய?"

"நீங்க விக்கிறவர்கூட வாசல்ல பேசிக்கிட்டு இருங்க" என்றார் மதினி.

சித்தப்பா என்னைப் பார்த்தார். விற்கிறவர் வாசலில் இருந்தால்தான் அடுப்படியில் பேச்சு வரும், அதுவும் ஒரு வேலைதான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.